துத்தம் போட்ட ஏரி

எங்கள் ஊர் ஏரியில் மிதப்பது விஷப்பாசி என்று முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். கண்டுபிடித்தது ஒரு மேடம். நான் லாரி டியூபில் உட்கார்ந்து அவர்களுடைய வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்காமல் தண்ணீரில் விழுந்தேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த சேவை அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது சத்துணவுக்கு. சாப்பாட்டு மணி அடித்தால் வகுப்பில் நான் முதல் ஆள், பாடத்து மணி அடித்தால் சுவருக்கு அந்தப் பக்கம். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் மானம் போய்விடுமாம், திருத்தி எழுதுகிறாள். முதல் வரியைச் சொன்னதுமே பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டாவது வரி அதற்காகச் சொன்னது.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டி இருக்கிறது. வயசில் தோல் கம்பெனியில் உப்புத் தட்டுகிற வேலை பார்த்தேன். அறுத்த மாட்டின் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி அனுப்புவார்கள். வந்ததும் அந்த உப்பை உதறவேண்டும். உதறிய உப்பு மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். பிறகு எங்கள் போர் பைப்பில் ஏறி வரும். எங்கள் வீட்டு டீயில் எப்போதும் லேசாக உப்பு இருக்கும். வந்த விருந்தாளி மறுபடி வரமாட்டார், அந்த ஒரு சௌகரியம் இருந்தது. இடுப்பு போனதும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன்.

மேடம் ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனில்தான் என் ஆட்டோவில் ஏறினார்கள். கையில் ஒரு ஐஸ் பெட்டி, தோளில் நீளமாக ஒரு பை. மீன் விற்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

"எங்க மேடம்?"

"ஒரு ஏரிக்குப் போகணும்ணா."

"எந்த ஏரி?"

"எந்த ஏரியில உப்பு அதிகமோ, அங்க."

"அப்ப கண்ண மூடிக்கினு எந்தப் பக்கம் வேணா ஓட்டலாம் மேடம்."

சிரித்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். கடல் பாசியை ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதிலும் விஷமுள்ள பாசி எது, இல்லாத பாசி எது என்று பிரித்துச் சொல்கிற வேலை.

"கடலு இந்தப் பக்கம் இல்லீங்களே. ரயிலு மாறி ஏறிட்டீங்களா?"

"இல்லண்ணா. ஆறு கடல்ல சேர்ற இடத்துல மீனைக் கொல்ற பாசி வளருது. உப்புல வளர்ற பாசி. இங்க ஏரி, கிணறு எல்லாம் உப்பாயிடுச்சின்னு சொன்னாங்க. அதே மாதிரி இங்கயும் வளருதான்னு பாக்க வந்தேன்."

கடலே இல்லாத ஊருக்குக் கடல் டாக்டர் வருகிற அளவுக்கு நாங்கள் முன்னேறிவிட்டோம். அதை மறுநாள் முழுக்க ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஏரிக்கே கூட்டி வந்தேன். வெயில் காலம். ஏரி சுருங்கி நடுவில் ஒரு பெரிய குட்டையாக நின்றது. கரையோரம் தண்ணீர் மேல் பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு கட்டியிருந்தது. ஊர்ச் சாக்கடை அதில்தான் விழுகிறது, வயல் உரமும் அதில்தான் வடிகிறது, உப்பு இருக்கவே இருக்கிறது. மீன் குத்தகைக்காரன் விட்டுப்போன லாரி டியூபில் பலகை கட்டி என்னை உட்காரவைத்தார்கள். கொசுவலையைவிட நைசான துணியில் தைத்த, புனல் மாதிரியான வலை அது. அதை நான் இழுக்கவேண்டும். இழுத்தேன், விழுந்தேன், அதை முன்னமே சொல்லிவிட்டேன்.

ஈரத்தோடு மேடத்தை வீட்டுக்கு அழைத்துப்போனேன். வாசலில் கட்டியிருந்த மாட்டுக்கு என் சம்சாரம் கேன் தண்ணீரைக் குண்டானில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடு அவளுடையது. எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நான் கிட்டே போனால் உதைக்கும். கிராஸ் மாடு, நிறைசினை. இந்த ஈத்துப் பாலில்தான் வீடு நடக்கவேண்டும், ஆட்டோவில் நடக்கிறது என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வேன். போர் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஏரித் தண்ணீரை விட்டால் குடிக்கும். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்து இவளுக்குப் பயம். நாங்கள் குடிக்கிற கேனையே அதற்கும் ஊற்றினாள். மாடு குடிக்கிற குடிக்குக் கேன் எந்த மூலைக்கு?

மேடம் யார் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஏம்மா, இந்த ஏரித் தண்ணிய என் மாடு குடிக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"பாத்துட்டுத்தான்கா சொல்லணும்."

கட்டிலின் மேல் சின்ன மைக்ராஸ்கோப்பை வைத்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள்.

"அய்யோ மேடம், கருப்பா பெரிய புழு!"

"அது உங்க கண் முடிண்ணா. கண்ணைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். பச்சை பச்சையாகப் பொடிப் பூந்தி. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இதான் விஷமா?"

"அதுதாண்ணா தெரியாது. விஷம் இருக்கறதும் இப்படித்தான் இருக்கும். இல்லாததும் இப்படித்தான் இருக்கும். ஒரே உருவம், ஒரே நிறம். கண்ணால பிரிக்கவே முடியாது. லேப்ல கொண்டுபோய் அதோட உயிரணுவுக்குள்ள இருக்கறதைப் படிச்சாத்தான் தெரியும்."

படிக்கவேண்டும் என்றதும் நான் எழுந்துகொண்டேன், நம் வேலை முடிந்தது என்று.

போகும்போது மேடம் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள். தான் போன் பண்ணுகிறவரை மாடு ஏரியில் வாய் வைக்கக்கூடாது. அது ஒன்று. ஏரியில் யாரும் எந்த மருந்தும் போடக்கூடாது, அது இன்னொன்று.

"விஷம் அந்தப் பாசியோட உடம்புக்குள்ள இருக்கும்ணா, பைக்குள்ள இருக்கற மாதிரி. அது செத்தா பை கிழிஞ்சிடும். உள்ள இருக்கறது முழுக்கத் தண்ணில கலந்துடும். அப்புறம் காய்ச்சினாலும் போகாது. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

ஊருக்குச் சொல்ல மேடத்துக்குக் கிடைத்த ஆள் நான்.

நான் எப்படிப்பட்டவன் என்று சொல்லவேண்டும். ஒரு வருஷம் அமிர்தி ஜூவிலிருந்து முதலை தப்பித்து எங்கள் ஏரிக்கு வந்துவிட்டது என்று சும்மா சொல்லி வைத்தேன். கரையில் துணி துவைத்த பெண்கள் துணியை விட்டுவிட்டு ஓடினார்கள். மீன் குத்தகைக்காரன் பயத்தில் வாரக்கணக்கில் வலை போடவில்லை. அதிலிருந்து நான் "மழை வருது" என்றால் ஊரில் துணியைக் காயப்போடுவார்கள்.

டீக்கடைக்குப் போய் மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. கடை முழுக்கச் சிரிப்பு. என்னோடு கம்பெனியில் உப்புத் தட்டின என் தோஸ்து ஒரு பாய், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அரே, போன தடவ முதல. இந்த தடவ பாசியா? கொஞ்சம் கம்மி பண்ணுப்பா!"

"டேய், நெஜமாடா. அந்தம்மா சொன்னாங்க."

"முதலயும் நெஜம்தானு சொன்ன. பல்லு வேற எண்ணி சொன்ன."

எண்ணித்தான் சொல்லியிருந்தேன். என்ன செய்வது.

மேடத்திடமிருந்து போன் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கேன் தண்ணீர் போதாமல் மாட்டுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. என் சம்சாரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கழுநீர் கேட்டு வாங்கி வந்தாள். இதைத் தாங்கமுடியாமல்தான் என் மச்சான் கிளம்பினான்.

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. தோல் கம்பெனிகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் வேலை. அக்கா மேல் உயிர். அவன் பேசினால் ஊர் கேட்கும், ஏனென்றால் அவன் பொய் சொன்னதில்லை.

அன்று ஏரிக்கரையில் நாலு பேர் கூடியிருந்தபோது சொன்னான். "எங்க இடத்துக்குக் கம்பெனித் தண்ணி கருப்பா வரும். நாத்தம் கொடலப் புடுங்கும். படிகாரம், சுண்ணாம்பு போடுவோம், கசடு அடியில உக்காந்துடும். மேல கண்ணாடி மாதிரி நிக்கும். ஆபீசர் வருவாரு, பாட்டில்ல புடிச்சி வெளிச்சத்துல பாப்பாரு, ஓகேம்பாரு. அந்தத் தண்ணியவே தெளிய வெக்கிறோம், இந்தப் பச்சைக்கு இன்னா? மயில் துத்தம் போட்டா பாசி செத்துடும்."

விவசாயம் பண்ணுகிறவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கிணற்றில் பாசி பிடித்தால் துத்தத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இத்தனை வருஷம் தோல் கம்பெனிகளுக்கு நடுவில் இருந்து எங்களுக்கு வந்த படிப்பு அது ஒன்றுதான். தண்ணீர் கலங்கியிருந்தால் கெட்டது, தெளிந்தால் நல்லது. மூக்கும் கண்ணும் சொல்வதைத்தான் கேட்போம்.

நான் சொன்னேன், "மச்சான், வேணாம்டா. அந்தப் பாசி சாவக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. செத்தாதான் விஷம் வெளிய வருமாம்."

அவன் என் தோளில் கையைப் போட்டான்.

"மாமா, நீ சிரிக்காம பேசுனா எனக்குப் பயமா இருக்குது. சிரி மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை நான் என்ன செய்ய? முப்பது வருஷமாக அந்த ஒரு வேலைக்குத்தான் என் வாயைப் பழக்கியிருக்கிறேன்.

வேலூர் லாங் பஜாரில் துத்தம் வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். நீல நீலமாகக் கல்கண்டு மாதிரி இருந்தது. சாக்கில் போட்டு, அதே லாரி டியூபின் பின்னால் கட்டி, குட்டை முழுக்கச் சுற்றி இழுத்தார்கள். பொங்கலுக்கு ஏரியில் இறங்குகிற மாதிரி இளசுகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். நான் கரையில் நின்று "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்ன வாய்தான் அதுவும்.

சில நாளில் ஏரி தெளிந்தது.

அதை எப்படிச் சொல்வது. எனக்கு நினைவு தெரிந்து அந்தத் தண்ணீரில் அடிமண்ணை நான் பார்த்ததில்லை. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் என் கால் விரல் தெரிந்தது. நகம் வெட்டவேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பச்சை வாசனை போய்விட்டது. ஊரே கரைக்கு வந்து நின்று பார்த்தது. மச்சானின் தோளில் தட்டிக் கொடுக்காத ஆள் இல்லை. ஒரு பெரியவர் அவனைப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். மேடம் படித்தவர்கள், கடலைப் பற்றித் தெரிந்திருக்கும், எங்கள் ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் ஓடியது. பச்சை போனதும் சம்சாரத்தின் பயமும் போய்விட்டது, தம்பி செய்த வேலை ஆயிற்றே.

சவாரி இறக்கிவிட்டு வேலூர் சத்துவாச்சாரியில் நிழலில் நின்றிருந்தபோது போன் வந்தது. மேடம்.

"அண்ணா, ரிசல்ட் வந்துடுச்சு. விஷம் இருக்கறதுதான். மாட்டை விடாதீங்க."

"அதுக்கு வேலயே இல்ல மேடம். துத்தம் போட்டு எல்லாத்தையும் சாவடிச்சாச்சு. கண்ணாடி மாதிரி கீது இப்ப."

மேடம் போனிலேயே கத்தினார்கள்.

"அண்ணா, உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்க. யாரும், எதுவும், அந்தத் தண்ணியைக் குடிக்கக்கூடாது. போன் பண்ணுங்கண்ணா!"

பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் போனை எப்போதும் அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் போவாள். மச்சானுக்குப் போட்டேன், அவன் ஷிப்டில் இருந்தான். டீக்கடைக்குப் போட்டேன். பாய்தான் எடுத்தான்.

"டேய், என் சம்சாரத்த ஏரிக்குப் போவாதனு சொல்லுடா! தண்ணி விஷம்டா!"

"அச்சா, இப்ப தண்ணியே விஷமா?" என்று சிரித்தான். சிரித்தபடி வைத்துவிட்டான்.

ஹைவேயில் அப்படி ஒருநாளும் ஆட்டோ ஓட்டியதில்லை. ஊருக்குள் நுழையும்போது எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு. மாட்டின் வாய் ஈரமாக இருந்தது. தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வயிறு ரொம்ப குடிச்சுதுயா," என்றாள். "எவ்ளோ நாளாச்சு, பாவம். கரைய வுட்டு வரவே மாட்டேன்னுச்சு."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மேடம் சொன்னதைச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். ஊரில் அவள் ஒருத்திதான் நம்பினாள், அதுவும் அப்போதுதான்.

விடியும்போது மாடு படுத்திருந்தது, எழுப்பினால் எழவில்லை. பின்னங்கால் நடுங்கியது. மாட்டு டாக்டர் வந்து கண்ணைப் பிரித்துப் பார்த்தார், ஈரல் போய்விட்டது என்றார், குளுக்கோஸ் பாட்டிலை வேப்ப மரத்தில் கட்டினார். வயிற்றுக்குள் கன்று அசைவது வெளியே தெரிந்தது. சம்சாரம் அந்த இடத்தில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாடு உயிரை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு எடுத்தாள்.

தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஆடுகளும் போயின. என் தோஸ்தின் ஆடும் ஒன்று. அவன் வந்து வாசலில் நின்றான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

செத்த மாடு என்றால் எங்கள் பக்கத்தில் தோல் எடுக்கிறவருக்குத் தானாகச் சேதி போய்விடும். மொபெட்டில் கத்தியோடு வந்தார். வழக்கம்தான், தப்பில்லை. எத்தனையோ அப்படி வந்த தோலை நானே உதறியிருக்கிறேன். அந்தத் தோல் எந்த உப்பில் ஊறும், அந்த உப்பு எங்கே இறங்கும், எந்தப் பைப்பில் ஏறி வரும் என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

"தோலத் தொடாதண்ணா. முழுசா பொதைக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், ஏதோ ஒரு ஜோக் வந்தது, என்னவென்று இப்போது நினைவில்லை. சொல்லவில்லை. குழியை மச்சான் தோண்டினான். வேறு யாரையும் கடப்பாரையைத் தொடவிடவில்லை.

மேடம் மறுபடி வந்தார்கள். தெளிந்த தண்ணீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கண் முடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தேன். வெறும் வெளிச்சம்.

"ஒண்ணும் இல்லியே மேடம்."

"ஒண்ணும் இல்லண்ணா. பாசி இருந்தா பிடிச்சுப் பாத்து, இது இன்னதுன்னு சொல்லலாம். இப்ப விஷம் மட்டும் இருக்கு. அதுக்கு உருவம் கிடையாது."

உள்ளே போய் என் சம்சாரத்திடம், ரிசல்ட் இன்னும் சீக்கிரம் வந்திருக்கவேண்டும், கருவி ஒன்று ரிப்பேரில் கிடந்தது என்று சொன்னார்கள்.

"நீ இன்னாம்மா பண்ணுவ," என்றாள் அவள். கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தாள். மேடம் குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள், ஆறிப்போகும்வரை.

பிறகு ஏரிக்கரையில் ஒரு போர்டு நட்டார்கள். கால்நடைகள் நீர் அருந்தத் தடை என்று எழுதியிருக்கிறதாம், மகள் படித்துச் சொன்னாள். எனக்கே படிக்கத் தெரியாது, மாட்டுக்கு யார் படித்துச் சொல்வது? இதை டீக்கடையில் சொன்னேன். சிரிக்கிற ஜோக்குதான். யாரும் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டுக்கொள்கிறார்கள். முதலை வந்தது என்று சொன்னால்கூட என்ன செய்யலாம் என்று கேட்பார்கள் போலிருக்கிறது. அதற்குப் பயந்தே நான் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மழை பெய்தது, ஏரி கொஞ்சம் ஏறியது, திரும்ப வெயில் வந்ததும் திரும்பப் பச்சை. மேடத்தின் ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது, இந்தப் பக்கம் வருவதில்லை. எங்களிடம் மிச்சம் இருப்பது செத்த மாட்டின் முந்தின ஈத்துக் கிடேரி, அன்று வீட்டில் கட்டியிருந்ததால் தப்பியது. வாலிபம் வந்த கன்று, சரியான தாகம் அதற்கு. கட்டுத்தறியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். அது அந்தப் பக்கமே முகம் வைத்து நிற்கும். போர் தண்ணீரில் தவிட்டைக் கரைத்து உப்பை மறைத்துப் பார்க்கிறாள் சம்சாரம், பாதி குடிக்கும், பாதி கவிழ்த்துவிடும்.

மச்சான்தான் மோசம். வேலைக்குப் போகிறான், வருகிறான், எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. அக்கா கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். போன வாரம் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். உள்ளே ஏரித் தண்ணீர், பச்சையாக.

"மாமா," என்றான், "நீ அந்தக் கண்ணாடியில பாத்தவன். இந்த வருஷம் வந்திருக்கிறது அதே பாசியா, இல்ல சும்மா பாசியா? பாத்து சொல்லு மாமா."

"எனக்கு இன்னாடா தெரியும்? மேடத்துக்கே கண்ணால தெரியாது."

"நீ சொல்லு. நீ இன்னா சொன்னாலும் நம்புறேன்."

நான் பாட்டிலை வாங்கினேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன், அவனுடைய ஆபீசர் பிடிப்பார் என்றானே, அந்த மாதிரி. பச்சைப் பொடி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னேன் என்றால், இரும்மா, எழுதாதே, வாசலில் உங்க அம்மா கத்துகிறாள்

"யோவ்! யோவ், எங்க இருக்கிற? கிடேரி கவுத்த அறுத்துக்கினு ஓடுதுயா! ஏரிப் பக்கம் போவுது! எழுந்து ஓடுயா!"